வடக்கே நகர்ந்த கடப்பாரை

எங்கள் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் வண்டிகளைப் போன வாரம் பார்த்தேன். நான்கு சக்கரமும் இழுக்குமாம். சேற்றில் மாட்டினால் தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு இரும்புக் கயிற்றுச் சுருள். டயரில் காற்று இறங்கினால் ஓட்டுநருக்கு முன்னால் விளக்கு எரியும். "மேடம், ரோடு இல்லாத இடங்களுக்குப் போகும்போது எப்படித் தயாரா போகணும்னு எங்க புது டாக்டர்களுக்கு நீங்க வந்து அரை மணி நேரம் பேசணும்" என்றார் இப்போது அங்கே பொறுப்பில் இருப்பவர். கால்நடை மருத்துவராக நான் மாட்டைத் தொட்ட நேரத்தைவிட ஜீப்பைத் தள்ளிய நேரம்தான் அதிகம் என்று யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். சொன்னது பொய்யுமில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் முடிகிற சமாச்சாரமா அது? மேடையேறிப் பேச எனக்கு வராது. மைசூரில் அக்ரஹாரம் வட்டாரத்திலிருக்கும் என் வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

அப்பா சேலத்திலிருந்து மைசூருக்கு மில் வேலைக்கு வந்தவர். மகள் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனேன். எந்த மாதிரி டாக்டர் என்று உறவுக்காரர்களிடம் சொல்வதற்குத்தான் அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கல்லூரியில் மாட்டுக்கு நான்கு இரைப்பை என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மாடு இருக்கும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தவர் திருநாராயணன் சார்.

மைசூரில் எங்கள் நடமாடும் மருத்துவப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். நெற்றியில் திருமண், காலில் கனத்த பூட்ஸ். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டுமே என்பதால் என்னைத் திட்டுவதற்கென்று தன் வீட்டுத் தமிழைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். ஓட்டுநர் நஞ்சப்பாவுக்குக் கன்னடத்தில் திட்டு, இங்கே அதையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் இருவர் மேலும் சேர்ந்து கோபம் வந்தால் ஆங்கிலம்.

தினமும் காலையில் யாரும் ஏறுவதற்கு முன் ஜீப்பை ஒரு முறை வலம் வருவார். கையில் ஒரு மரச் சுத்தி. ஐந்து டயரையும் தட்டிச் சத்தம் கேட்பார். பின்னால் தொங்கும் ஸ்டெப்னியை மட்டும் இரண்டு தட்டு தட்டுவார். ஓடுகிற டயரில் காற்று இல்லையென்றால் வண்டியே சொல்லிவிடும், ஸ்டெப்னி வாயைத் திறக்காது என்பார். அப்புறம் கேள்விகள். ஜாக்கி? இருக்கு. ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை? இருக்கு. பலகை இல்லாமல் ஈர மண்ணில் ஜாக்கி வைத்தால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும். வீல் ஸ்பேனர், காற்றடிக்கும் பம்ப், மண்வெட்டி, கோணிச் சாக்கு, கயிறு. எல்லாவற்றுக்கும் நஞ்சப்பா "இதே சார், இதே சார்" என்று, இருக்கிறது என்பதைக் கன்னடத்தில் சொல்லித் தலையாட்ட வேண்டும். கயிற்றைக் கேட்கும்போது மட்டும் என்னைப் பார்ப்பார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹுன்சூர்ப் பக்கம் ஒரு வயலில் மாட்டிக்கொண்டோம். ஒரு விவசாயி தன் காளைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பெருமையாகக் கயிற்றை ஜீப்பின் பம்பரில் கட்டினேன். காளைகள் இழுத்தன. பம்பர் தனியாகக் கழன்று வந்தது. காளைகளுக்கு அது தெரியுமா? பம்பரை இழுத்துக்கொண்டு அவை வீட்டுக்கே போய்விட்டன. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். "கயிறுன்னா சேஸிலே, அடிச் சட்டத்திலே கட்டணும்மா. பம்பர் அழகுக்கு வச்சிருக்கு" என்றார் சார். பம்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வர நான்தான் நடந்து போனேன்.

அவருடைய நிதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு முறை கோமாரித் தடுப்பூசி முகாமுக்காகப் மாநில எல்லையிலிருக்கும் பாலாறு பக்கம் போயிருந்தோம். செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால் காட்டுக்குள் டயர் பஞ்சர். நஞ்சப்பா இறங்கின வேகத்தில் ஜாக்கியை வைத்தார். சார் அதை எடுக்கச் சொன்னார். முதலில் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். அடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்க வேண்டும். வண்டியைத் தூக்கிய பிறகு முறுக்கினால் சக்கரம் கூடவே சுற்றும். கழற்றிய நட்டுகளைத் தன் தொப்பியில் வாங்கிக்கொண்டு சார் பக்கத்தில் குந்தியிருந்தார். அப்போது ஒரு வனக்காவலர் சைக்கிளில் வந்து, வளைவுக்கு அந்தப் பக்கம் யானை நிற்கிறது, சீக்கிரம் கிளம்புங்கள் என்று கத்திவிட்டு நிற்காமல் போய்விட்டார். நஞ்சப்பா அவசர அவசரமாகப் புதுச் சக்கரத்தை மாட்டி நட்டுகளை வரிசையாக முறுக்கினார்.

"எதிரெதிரா முறுக்கணும்" என்றார் சார். "யானைக்குப் பயந்துண்டு வரிசையா முறுக்கினா சக்கரம் கோணிக்கும்."

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி எதிரெதிராக முறுக்க வைத்தார். யானை வரவில்லை. வந்திருந்தால் அதையும் ஓரமாக நிற்கச் சொல்லியிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் வருடத்துக்கு ஒரே ஒரு நாள் எங்களை வெறும் கையோடு அனுப்புவார். ஆயுத பூஜை அன்றைக்கு.

தசரா சமயத்தில் மைசூரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பூசணிக்காய் உடைத்த வாசல்தான். சார் எல்லோரையும்விட ஒரு படி மேலே. ஜீப்பிலிருக்கும் ஜாக்கி, ஸ்பேனர், மண்வெட்டி, கயிறு, பலகை, பம்ப் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவி, வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இடுவார். எங்கள் மருத்துவக் கருவிகளும் அதே துணியில்தான். கன்று இழுக்கும் கயிறு, கொக்கி, ஸ்டெதாஸ்கோப், ஒன்று விடமாட்டார். ஒரு திருப்புளி குறைந்தாலும் பூஜை குறை என்பது அவர் கட்சி. மறுநாள் காலை புனர்பூஜை செய்து, எல்லாவற்றையும் கொஞ்சம் வடக்கே நகர்த்தி வைத்த பிறகுதான் யாரும் தொடலாம். வண்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு ஓட்டலாம். வண்டி ஓடலாம், ஆயுதம் அசையக்கூடாது. இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

அந்த வருடம் பூஜை முடிந்து பொரி கடலையை வாயில் போடும் நேரத்தில் ஃபோன் வந்தது. ரிங் ரோட்டைத் தாண்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த சின்னத்தாயி என்ற அம்மாள். தமிழர்கள் வாழும் எல்லையோர மார்டள்ளிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். முதல் கன்று போடும் மாடு, விடியற்காலையிலிருந்து முக்குகிறது, இரண்டு கால் தெரிகிறது, தலை வரவில்லை. ரோட்டில் வந்து நிற்கிறேன், வழி காட்டுகிறேன் என்றார்.

"சார், கன்று இழுக்கிற கயிறை மட்டுமாவது எடுத்துக்கிறேன்" என்றேன்.

"கை இருக்கோன்னோ? கைதான் முதல் ஆயுதம்."

"அப்போ கைக்கும் சந்தனம் வச்சிட்டு நாளைக்குப் போலாமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. பண்டிகை நாளில் வேறு டாக்டர் கிடையாது என்பதால் பஞ்சகச்சத்தோடு தானும் ஜீப்பில் ஏறினார். அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ரிங் ரோட்டில் சின்னத்தாயி கையைக் காட்டி நிறுத்தி, பின்னால் ஏறிக்கொண்டார். கையில் இன்னும் சாணி காயவில்லை. "வெரசாப் போங்க. என்ற மாட்டுக்குக் கண்ணு சொருகுதுங்க" என்றார். வழி என்று அவர் காட்டியது புதிதாகப் பிளாட் போட்டிருந்த ஒரு லேஅவுட். கல் நட்டிருந்தார்கள், ரோடு போடவில்லை. முந்தின நாள் மழை வேறு. குழாய் பதிக்கத் தோண்டி மூடிய ஒரு பள்ளம் பார்வைக்குச் சமதரையாகத்தான் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் இறங்கிக் குதிகாலால் மண்ணை மிதித்துப் பார்க்க வேண்டும், குதிகால் இறங்கினால் சக்கரமும் இறங்கும் என்று சாரே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவசரத்தில் யாரும் இறங்கவில்லை. இடது பின்சக்கரம் பொதுக்கென்று உள்ளே போனது.

மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்கக்கூடாது. நஞ்சப்பா மிதித்தார். சக்கரம் சுழன்று மண்ணைத் தோண்டி அடியில் புதைந்திருந்த ஒரு சென்ட்ரிங் பலகையைக் கண்டுபிடித்தது. பலகையில் ஆணி இருந்தது. புஸ்ஸென்று சத்தம் வந்தது.

இறங்கிப் பார்த்தோம். அச்சு மண்ணில் உட்கார்ந்திருந்தது. பின்னால் ஸ்டெப்னி சாமந்தி மாலையோடு ஜம்மென்று தொங்கியது. அதைக் கழற்ற ஸ்பேனர் இல்லை. வண்டியைத் தூக்க ஜாக்கி இல்லை. தோண்ட மண்வெட்டி இல்லை. எல்லாம் அலுவலகத்தில் பூட்டிய அறைக்குள் வெள்ளைத் துணியில் சந்தனம் பூசிக்கொண்டு ஓய்வெடுத்தன.

"ஏனு மாடலி சார்?" என்ன செய்வது என்று கையை விரித்தார் நஞ்சப்பா. ரிங் ரோட்டுப் பஞ்சர் கடைக்கு ஃபோன் போட்டேன். கம்ப்ரசருக்கு மாலை போட்டாச்சு மேடம், நாளைக்கு வாங்க என்றார் கடைக்காரர். மாடு இருக்கும் இடத்துக்கு நடந்தால் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல். அதுவரை அந்த மாடு தாங்காது என்று எனக்குத் தெரியும். சின்னத்தாயிக்கும் தெரியும். "மாட்டு டாக்டருங்க மூணு பேரு வந்து மண்ணுல ஒக்காந்திருக்கீங்களே" என்றார். நஞ்சப்பாவையும் டாக்டர் கணக்கில் சேர்த்துவிட்டார். அவர் மறுக்கவில்லை.

அப்போதுதான் கொஞ்ச தூரத்தில் தெற்கே தகரக் கொட்டகைகளைப் பார்த்தேன். வீடு கட்டும் தமிழ் ஆட்கள். ஓடினேன். ஓடிப் போய்ப் பார்த்தால் தெய்வமே கண் திறந்த மாதிரி இருந்தது. கடப்பாரை, மண்வெட்டி, சாரப் பலகை, சவுக்குக் கம்பு, புதுக் கயிறு, கலவை மெஷினுடைய ஸ்பேனர்கள். எங்களுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் வரிசையாக இருந்தன. வரிசையாக, சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் வாழைக்கன்று கட்டி.

மேஸ்திரி முனுசாமி கைகட்டி நின்று கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அதெல்லாம் ஆவாதுங்கம்மா. பூஜையில வச்சதை இன்னிக்குத் தொடக்கூடாது. போன வருசம் ஒருத்தன் பூசுற கரணையை எடுத்தான். மறுநாளே சாரத்துலருந்து உழுந்து கால் போச்சு."

"மாடு சாவுதுங்கறேன், சாரம் கீரங்கறீங்க!" என்று பின்னாலேயே ஓடி வந்த சின்னத்தாயி கத்தினார். "உங்கூட்டுப் பொம்பளைக்குப் பிள்ளை சிக்கிக்கிட்டா கடப்பாரைக்குப் பொட்டு வச்சுட்டு ஒக்காந்திருப்பீங்களா?"

மேஸ்திரி பாவம், கெட்டவர் இல்லை. உண்மையிலேயே பயந்தார். "நாளைக்கு புனர்பூஜை ஆகி, வடக்கால நகத்துன பின்னாடி நானே கொண்டாந்து தரேன். இன்னிக்கு ஆயுதம் அசையக்கூடாதும்மா. ஒண்ணு குறைஞ்சாலும் பூஜை குறை."

காலையில் சார் சொன்ன அதே வார்த்தைகள். திரும்பிப் பார்த்தேன். சார் பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்து என் பின்னால் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் முகம் சிவந்துபோயிருந்தது. சொல்லிக் காட்ட எனக்கு வாய் துறுதுறுத்தது. சின்னத்தாயியைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்த அம்மாள் மேஸ்திரியின் காலில் விழப் போனார்.

"எழுந்திருங்கோம்மா" என்று சார் அவரைத் தடுத்தார். பிறகு மேஸ்திரியிடம் கேட்டார். "நைவேத்யம் ஆச்சா?"

திருமண்ணையும் கச்சத்தையும் பார்த்த மேஸ்திரி கை கூப்பினார். "ஆச்சு சாமி. பொரி, சுண்டல்."

"கற்பூரம் காட்டியாச்சா?"

"காட்டியாச்சு சாமி."

"இன்னும் கொஞ்சம் கற்பூரம் இருந்தா கொண்டா."

கொண்டு வந்தார்கள். சார் பூட்ஸைக் கழற்றிவிட்டு அந்தக் கடப்பாரைகளுக்கு முன்னால் நின்று கணீரென்ற குரலில் ஏதோ சொன்னார். பாதி அவர் வீட்டுப் பூஜையில் சொல்வது என்று நினைக்கிறேன், மீதி அந்த இடத்தில் வந்தது. கற்பூரத்தைச் சுற்றிக் காட்டினார். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சின்னத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றிக்கொண்டார்.

"புனர்பூஜை ஆச்சு" என்றார் சார். "இப்போ வடக்கே நகர்த்தணும். வடக்கு எது?"

"ஜீப்பு நிக்குதே, அந்தப் பக்கந்தான் சாமி."

"அப்போ நகர்த்துங்கோ."

"எம்மாந்தூரம் சாமி?"

"ஜீப் வரைக்கும்."

மேஸ்திரி ஒரு நிமிடம் யோசித்தார். அவர் முகத்திலிருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "டேய், தூக்குங்கடா!" என்றார்.

அதற்குப் பிறகு சார் பழைய சாராகிவிட்டார். எதிர்ச் சக்கரத்துக்குச் செங்கல். நட்டை முதலில் இளக்கு. பலகையைக் கீழே போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்கி, சவுக்குக் கம்பை அச்சுக்கடியில் கொடுத்து எல்லோருமாக அமுக்கினார்கள். ஜீப் எழும்பியது. மாலையைக் கழற்றி மேஸ்திரி தன் கழுத்தில் போட்டுக்கொள்ள, ஸ்டெப்னி மாட்டினோம். நஞ்சப்பா எதிரெதிராக முறுக்கினார், யாரும் சொல்லாமலே. மற்ற டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினோம், அப்போதுதான் டயர் மண்ணில் அகலமாக உட்காரும். சக்கரத்துக்கு முன்னால் சரிவாகத் தோண்டிக் காலிச் சிமெண்ட் சாக்குகளைப் பரப்பினோம். கயிற்றை நான் சேஸிலேயே கட்டினேன்.

"அமுக்கி மிதிக்காதே நஞ்சப்பா. வண்டி கேக்கும்போது குடு" என்றார் சார். மேஸ்திரி ஆட்கள் ஐலசா போட்டார்கள். ஜீப் முனகிக்கொண்டே கரையேறியது. ஆட்கள் கை தட்டினார்கள். கிளம்புமுன் அந்த வரிசையிலிருந்த மெல்லிய புது நூல்கயிறு ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார் சார். "உனக்கு வேணும்" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாடு படுத்துவிட்டிருந்தது. வயிற்றில் இன்னும் மூச்சு இருந்தது. கையைக் கழுவி உள்ளே விட்டேன். கன்றின் தலை விலாப் பக்கமாக மடங்கியிருந்தது. இந்த நிலையில் காலைப் பிடித்து இழுத்தால் இரண்டும் போய்விடும். கன்றை மெதுவாக உள்ளே தள்ளி, இடம் உண்டாக்கி, தாடையைப் பிடித்துத் தலையைத் திருப்பினேன். இரண்டு முறை நழுவியது. என் கை மரத்துவிட்டது. அழுகை வந்தது, கோபமும் வந்தது. "அவசரமில்லே, அவசரமில்லே" என்று சார் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மாட்டுக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியவில்லை. மூன்றாம் முறை தலை நேரானது. ஜீப்பின் மருந்துப் பெட்டியிலிருந்த மருந்தில் நனைத்த நூல்கயிற்றைக் கால்களில் கட்டினேன். மாடு முக்கும்போது மட்டும் இழுத்தோம், அது நிறுத்தினால் நாங்களும் நிறுத்தினோம். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

அசையவில்லை.

சார் பட்டுக் கச்சத்தோடு சாணியில் மண்டியிட்டார். கன்றின் வாயிலிருந்த கோழையை விரலால் எடுத்தார், வைக்கோலால் மார்பைத் தேய்த்தார், ஒரு வைக்கோல் தாளை மூக்கில் விட்டுக் குடைந்தார். கன்று தும்மியது. அவர் முகத்தின் மேலேயே தும்மியது. திருமண் கலைந்துபோனது.

"காளங்கன்னுங்களா?" என்று கேட்டார் சின்னத்தாயி. ஆமாம் என்றேன் தயங்கிக்கொண்டே. பால்மாடு வளர்ப்பவர்களுக்குக் காளைக்கன்று என்றால் முகம் சுருங்கும். "எதா இருந்தா என்னங்க. ரெண்டும் இருக்குதே" என்று மாட்டின் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் மேஸ்திரி முனுசாமி ஆட்களோடு ஏரிக்கரை வழியாக நடந்து வந்து சேர்ந்தார். கயிற்றை வாங்கிப் போக வந்திருந்தார். அவருக்கு ஒரு பொருளும் குறையக்கூடாது. நான் கயிற்றை எடுத்து நீட்டினேன். சந்தனம் போய் முழுக்க ரத்தமும் சவ்வுமாக இருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. மேஸ்திரி கயிற்றைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். கயிற்றை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எங்கூட்டு ஆயுதம் இன்னி வரைக்கும் கல்லையும் மண்ணையும் தவிர ஒண்ணையும் தொட்டதில்ல சாமி" என்றார். "இத நான் கழுவ மாட்டேன்."

சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கழுவிடுப்பா" என்றார். "நாளைக்கு நாறும்."

சின்னத்தாயிதான் முதலில் சிரித்தார். காலையிலிருந்து எங்கள் எல்லோரையும் திட்டித் தீர்த்த அந்த வாய் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் அழுகையாகிவிட்டது. அழுதுகொண்டே எழுந்து மேஸ்திரி கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினார். தொட்டித் தண்ணீரில் அதைத் தானே கசக்கிக் கழுவி, பிழிந்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.